இருநூற்று நாற்பது மடங்கு

"டீச்சர், இதுவும் போதலை," என்றார் தணிகாசலம்.

சபூரா டீச்சர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எது?"

"காமிரா."

தணிகாசலம் பொன்னேரியில் அரிசி மில் வைத்திருப்பவர். வயசு அறுபது. டீச்சருக்கு அதில் பாதிதான் இருக்கும். பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரை படம் பிடிக்க வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் காமிரா சொல்லித்தருவாள். சொல்லித்தருவாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். "இவங்ககிட்ட கத்துக்கறதுக்கு அந்தக் கொக்குகிட்டயே கத்துக்கலாம்" என்று பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

தணிகாசலம் நிற்கவில்லை.

அவர் வாங்கின காமிரா எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே வரிசை. முதலாவது சோப்புப் பெட்டி அளவு. சட்டைப்பையில் போட்டால் இருக்கிற இடம் தெரியாது. மூணு மடங்கு கிட்டே இழுத்துக் காட்டும். அடுத்தது பத்து மடங்கு. அப்புறம் முப்பது. அது சட்டைப்பையில் கொள்ளவில்லை, கழுத்துக்குப் போய்விட்டது. கம்பெனிக்காரன் மூக்கை நீட்டிக்கொண்டே போனான், இவரும் பின்னாலேயே போனார்.

இப்போது கையில் இருப்பது ஒரு செம்புத் தண்ணீர் கனம். விசையை நெம்பினால் ஆமை தலையை நீட்டுகிற மாதிரி குழல் வெளியே வரும். அட்டைப்பெட்டியில் 'இருநூற்று நாற்பது மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அடுத்த மாடல் வருதாம் டீச்சர். கடையில சொல்லி வச்சுட்டேன்."

"நல்லது."

"எங்க நல்லது? அது மாசக் கடைசியிலதான் வருதாம். அவங்க இந்தப் புதன்கிழமையே கிளம்பறாங்க."

"யாரு, பூநாரையா?"

தணிகாசலம் போனை எடுத்து, அதில் சேர்த்து வைத்திருந்த படங்களை நீட்டினார்.

டீச்சர் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நாலு படம் பூநாரை. அதற்குப் பிறகு பறவையே இல்லை. எதிர்க்கரையில் ஒரு நீலப் புள்ளி. அடுத்த காமிராவில் அந்தப் புள்ளி கதவாகியிருந்தது. அதற்கடுத்ததில் கதவு முன்னால் ஓர் ஆள். அப்புறம் அது பெண் என்று தெரிந்தது. கடைசிப் படங்களில் முகம்.

"என் பொண்ணு சுகந்தி," என்றார்.

டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தக் கரையில படகு ஓட்டற பையனைக் கட்டிக்கிட்டா. இனிமே என் வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னேன். நீங்களும் எங்க கரைக்கு வந்துடாதீங்கன்னு அவ சொன்னா. ரெண்டு பேருமே சொன்ன சொல்லுல நிக்கறவங்க."

"ம்."

"இப்போ மாப்பிள்ளைக்கு மங்களூர்ல பெரிய படகுல வேலை. வீட்டைப் பூட்டிக்கிட்டுக் குடும்பத்தோட போறாங்க. அப்புறம் எந்தக் காமிராவுல பார்ப்பேன்?"

"போறதுக்கு முன்னால பார்க்கணும்."

"அதுக்குத்தானே டீச்சர் கிடந்து தவிக்கறேன்! கோபம் ஆறிடுச்சுன்னு தெரிஞ்சா இந்த நிமிஷமே போயிடுவேன். ஒவ்வொரு காமிராவுலயும் அதைத்தான் பார்க்கறேன். ஆறலை. இந்தப் புருவத்தைப் பாருங்க. எப்படி நெரிஞ்சு கிடக்கு! இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டினா நிச்சயமாத் தெரிஞ்சுடும்."

டீச்சர் எதிர்க்கரைப் பக்கம் கையை நீட்டினாள்.

"வலை காயற கம்பு தெரியுதா? அங்க ஒரு பச்சைச் சட்டை. முகம் எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

பாடம் தொடங்கிவிட்டது என்று தணிகாசலத்துக்குச் சந்தோஷம். மூச்சைப் பிடித்துக்கொண்டு குழலைக் கடைசி வரைக்கும் நீட்டினார். வெயிலில் தண்ணீர் மேல் காற்றே நெளிந்தது.

"கறுத்த ஆள். உருண்டை முகம். கடுகடுன்னு இருக்கான்."

"கண்ணு?"

"நம்மளையேதான் முறைக்கறான்."

"மீசை?"

"இருக்கு. முறுக்கு மீசை. யார் டீச்சர் இவன்? மாப்பிள்ளை வீட்டு வகையறாவா?"

"பானை."

"என்னது?"

"ஓட்டைப் பானை. கம்பு மேல கவுத்து வச்சிருக்கு. சட்டை எங்க மாமாவோடது. காலையில நான்தான் காயப்போட்டுட்டு வந்தேன்."

தணிகாசலம் மறுபடியும் பார்த்தார். மீசை இன்னும் இருந்தது.

டீச்சர் காமிராவின் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது, அதற்கு மேலே மஞ்சள் பட்டை. வெள்ளை முடிகிற இடத்தில் விரலை வைத்தாள்.

"இது வரைக்கும் லென்ஸ் கண்ணாடி பார்க்குது. மஞ்சளுக்குப் போயிட்டா அது பார்க்கறதில்லை. இருக்கறதை ஊதிப் பெருசாக்கிட்டு, இல்லாததை அதுவா நிரப்பிக்கும்."

அந்த வருஷத்தில் டீச்சர் பேசினதிலேயே அதுதான் நீளம்.

"மீசையுமா?"

"மீசை நீங்க வச்சது."

தணிகாசலம் காமிராவை இறக்கினார். அப்புறம்தான் அவருக்குச் சட்டை விஷயம் உறைத்தது.

"உங்க மாமா சட்டை அங்க எப்படி? நீங்க அந்தக் கரையா?"

"வாக்கப்பட்ட ஊரு."

"அப்போ சுகந்தியைத் தெரியுமே!"

"தெரியும். குழாயடியில பேசிக்குவோம்."

"அடப்பாவமே, இத்தனை நாளாச் சொல்லலையே! சொல்லுங்க டீச்சர், கோபமாவா இருக்கா?"

டீச்சர் படகுத்துறைப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினாள்.

"காத்தவராயா! ஒரு ஆளு!"

காத்தவராயன் கழியை ஊன்றிப் படகைக் கொண்டுவந்தான். தணிகாசலம் ஏறினாரா, ஏற்றப்பட்டாரா என்று அவருக்கே தெரியவில்லை.

நடு ஏரியில் காமிராவைத் தூக்கினார். படகு ஆடிய ஆட்டத்தில் ஒரு தரம் வானம் வந்தது, ஒரு தரம் காத்தவராயனின் முழங்கால் வந்தது.

"உள்ள வைங்க ஐயா. நனைஞ்சா அழப்போறீங்க. எதுக்கு அவசரம்? நாமளே அங்கதானே போறோம்."

காமிரா பைக்குள் போனது.

படகு வருவதைப் பார்த்துவிட்டு, சுகந்தி வீட்டிலிருந்து இறங்கித் தண்ணீர் ஓரம் வரைக்கும் வந்து நின்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைக்கக்கூட இல்லை. படகு சேற்றில் தட்டி நின்றது.

இப்போது பத்தடி தூரம்.

புருவம் நெரிந்துதான் இருந்தது. படத்தில் இருந்ததைவிட அதிகமாக.

தணிகாசலம் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திருப்பட்டுமா ஐயா?" என்றான் காத்தவராயன்.

அவர் குனிந்தார். சேற்றில் இறங்கப்போகிற ஏரி பழகாத ஆட்கள் எல்லோரும் செய்வதைப் போலச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"கழட்டாதீங்க!" சுகந்தி கத்தினாள். "போட்டுக்கிட்டே இறங்குங்கப்பா, சிப்பி காலைக் கிழிச்சுடும்."