கெட்டிமேளத்துக்கு ஆடிய விரல்

கரையான் புற்றுகள் நிறைந்த ஒரு காட்டில், நாயனம் ஊதிப் பிழைத்து வந்தது ஒரு கரடி. புற்றில் வாயை வைத்து மண்ணை ஊதித் தள்ளுவதும் கரையானை உறிஞ்சி எடுப்பதும் கரடிகளுக்குப் பிறவியிலேயே வரும். அந்த உதடும் அந்த மூச்சும் இருந்தால் நாயனம் வராமல் எங்கே போகும்?

கரடியின் செட்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மரங்கொத்தி தவில் அடித்தது. தவளை ஒத்து ஊதியது. ஒத்து என்பது பார்க்க நாயனம் போலவே இருக்கும். ஆனால் அதில் ஒரே ஒரு சுரம்தான். நாயனம் எங்கே சுற்றினாலும் திரும்பி வந்து சேர்வதற்கு அந்தச் சுரம் அறுபடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கன்னம் நிறையக் காற்றை அடைத்து வைத்து, மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டே ஊத வேண்டும்.

"இடி விழுந்தாலும் ஒத்தை நிறுத்தாதே" என்று கரடி தவளையிடம் சொல்லி வைத்திருந்தது. தவளை நிறுத்தியதே இல்லை.

கரடியும் அப்படித்தான். சொன்னதைச் செய்யும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், யார் பொறுப்பு என்று கேட்கும். அவர் காட்டிய இடத்தில் உட்காரும். அவர் கை காட்டும்போது ஊதும்.

ஒருமுறை முயல் வீட்டில் கல்யாணம் வந்தது. கல்யாண நாளில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது அந்தக் காட்டின் வழக்கம். அதனால் எல்லோருக்கும் அழைப்பு போனது. காட்டுப்பூனைக்கும் போனது.

காட்டுப்பூனை நெற்றியில் சந்தனமும் தோளில் துண்டுமாக முதல் ஆளாய் வந்து நின்றது. வாழைமரத்தை எப்படிக் கட்டுவது, யாரை முதல் பந்தியில் உட்கார வைப்பது, எந்தச் சம்பந்திக்கு எப்போது கோபம் வரும், எல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. பெண்ணைப் பெற்ற முயல் எதற்கெடுத்தாலும் பதறும். "பூனையார் இருக்கிறப்போ எனக்கென்ன கவலை" என்று மொத்தப் பொறுப்பையும் அதன் தலையில் கட்டிவிட்டது.

சமையலில் கை கொடுக்கக் காட்டுக்கோழி வந்தது. அதன் பின்னால் குஞ்சுகள் வந்தன.

"குஞ்சுங்களைப் பந்தல்ல விடாதீங்கம்மா" என்றது பூனை. "யானையும் பன்னியும் நடமாடுற இடம். மிதிபட்டா யாரு பதில் சொல்றது? அதோ, அந்தப் பாய்த் தட்டிக்குப் பின்னால நிழலா இருக்கு. அங்கே விளையாடட்டும். நான் ஒரு கண் வச்சுக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"சிரமமா? எனக்குக் குழந்தைங்கன்னா உசிரும்மா."

கோழி நிம்மதியாக அரிசி புடைக்கப் போனது. பூனை மேளக்காரர்களிடம் வந்தது.

"கரடியண்ணே, மந்திரம் சொல்ற கொக்குக்குக் கண் சரியில்லை. கெட்டிமேளத்துக்கு நீங்க என் விரலை மட்டும் பாருங்க. நான் தட்டிக்கு மேலே விரலை ஆட்டினா, என்ன வாசிச்சுக்கிட்டிருந்தாலும் அப்படியே விட்டுட்டு கெட்டிமேளம். ஏன், எதுக்குன்னு கேக்கப்படாது."

"எங்க தொழில்ல அதெல்லாம் கேக்கறதில்லீங்க" என்றது கரடி.

கெட்டிமேளம் உங்களுக்குத் தெரியும். நல்ல காரியம் நடக்கும் நேரத்தில் யாருடைய தும்மலோ அழுகையோ காதில் விழுந்துவிடக் கூடாது. அதற்காக நாயனமும் தவிலும் சேர்ந்து முழங்கும். பக்கத்துக் காட்டில் ஒரு குரங்கு, சரியாகத் தாலி கட்டும் நேரத்தில், நாயனத்தின் வாயில் செருகும் சீவாளியை மாற்றப் போயிற்று. அந்த இடைவெளியில் யாரோ தும்மிவிட்டார்கள். அதன் பிறகு அந்தக் குரங்கை ஒருவரும் கூப்பிடவில்லை. கரடி இதை மறந்ததே இல்லை.

மாப்பிள்ளை வந்து இறங்கியதும் காட்டெருமை பித்தளைக் கொம்பை உயர்த்தி ஊதிற்று. அதன் வேலை அவ்வளவுதான். ஊதி முடித்ததும் நேராகப் பந்திக்குப் போய்விட்டது. கரடி சீவாளியை நாக்கில் நனைத்து, நாயனத்தில் செருகி, ஊத ஆரம்பித்தது.

மாலை மாற்றும்போது, பாய்த் தட்டிக்கு மேலே பூனையின் விரல் தெரிந்தது. விரல் ஆடியது. கரடி கன்னத்தை உப்பிக்கொண்டு முழங்கியது. மரங்கொத்தி தவிலைப் பொழிந்து தள்ளியது. விரல் இறங்கியதும் நிறுத்தினார்கள்.

"ஆகா, என்ன ஊது!" என்றது மாப்பிள்ளையின் சித்தப்பா.

அடுத்தது ஊஞ்சல். கரடி ஒரு ராகத்தை எடுத்து, அவசரப்படாமல் இழைத்துக்கொண்டு போனது. பந்தலே அடங்கிக் கேட்டது. ராகம் ஒரு நல்ல இடத்துக்கு வந்தபோது தட்டிக்கு மேலே மறுபடியும் விரல் ஆடியது.

ஊஞ்சலில் எதற்குக் கெட்டிமேளம்? கரடிக்குப் புரியவில்லை. ஆனாலும் ராகத்தை அங்கேயே விட்டுவிட்டு முழங்கியது.

பக்கத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்த தவளை கண்ணை உருட்டியது. காலால் கரடியின் தொடையை இடித்தது. மூச்சு முட்டுகிறது போல என்று நினைத்துக்கொண்ட கரடி, இன்னும் பலமாக ஊது என்று தலையசைத்தது. தவளை ஊதியது.

முழக்கம் ஓய்ந்ததும் பூனை வெளியே வந்தது. கரடி நாயனத்தை இறக்கிவிட்டுக் கேட்டது:

"ஏனுங்க, ஊஞ்சலுக்குப் போயி…"

"ஒரு கெழட்டு ஆடு தும்ம வந்துச்சு அண்ணே. நல்ல வேளை, நான் பார்த்தேன்" என்றது பூனை. துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டது. "கேக்கப்படாதுன்னு சொன்னேன்ல?"

பூனை போனதும் மரங்கொத்தி மெதுவாகச் சொன்னது: "அண்ணே, கோழிக்குஞ்சுங்க தட்டி ஓரமா எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. இப்போ அதுல ஒண்ணு ரெண்டு குறையுது."

"குஞ்சை எண்ணவா உன்னைக் கூப்பிட்டாங்க? தாளத்தை எண்ணு."

தவளையின் கன்னம் உப்பியே இருந்தது. ஒத்து ஓடிக்கொண்டிருந்தது.

தாலி கட்டும் நேரம் வந்தது. பெண்ணைப் பெற்ற முயல் நடுங்கிக்கொண்டு ஓடி வந்தது. "கரடியண்ணே, ஒரு சின்னத் தும்மல் கேட்டாக்கூட என் பொண்ணு வாழ்க்கை போச்சு. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

"ஒண்ணும் கேக்காதுங்க" என்றது கரடி.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தது. எல்லோரும் அட்சதையோடு எழுந்து நின்றார்கள். தட்டிக்கு மேலே விரல் ஆடியது. கரடி ஊதிக்கொண்டே எழுந்தது. தாலி கட்டும்போது பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று ஊதுவது கரடியின் பழக்கம்.

நின்றதும், தட்டிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது.

பூனையின் ஒரு கை மேலே உயர்ந்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கைக்கு அடியில் ஒரு குஞ்சு கிடந்தது. குஞ்சின் வாய் முழுதாகத் திறந்திருந்தது. அது கத்துகிறது. ஆனால் கேட்கவில்லை. சுற்றிலும் புல்லில் சின்னச் சின்ன இறகுகள் ஒட்டியிருந்தன.

சத்தம் போடலாமா? வாயில் நாயனம் இருக்கிறது. வாயை எடுத்துக் கத்தினாலும் தவில் முழக்கத்தில் யார் காதில் விழும்? மொத்த மேளமும் நின்றால்தான் கேட்கும். நின்றால் நாளையிலிருந்து தன்னை யார் கூப்பிடுவார்கள்? பக்கத்துக் காட்டுக் குரங்கு ஒரு கணம் நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டுவிட்டது.

கரடி வாயை எடுத்து நாயனத்தைக் கீழே போட்டது. ஒரு கையால் தவிலை அமுக்கியது. மறு கையால் தவளையின் வாயிலிருந்து ஒத்தைப் பிடுங்கியது.

பந்தல் அப்படியே அமைதியானது.

"அம்மா!"

அட்சதை தூவ ஓங்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. எல்லோரும் தட்டிப் பக்கம் திரும்பினார்கள். மேளம் நின்றது பூனைக்கு உடனே உறைக்கவில்லை. தட்டிக்கு மேலே விரல் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

சமையல்காரக் காட்டுப்பன்றி கையிலிருந்த கரண்டியோடு பாய்ந்தது. தட்டி சரிந்தது. பூனை குஞ்சை விட்டுவிட்டு ஓடியது. துண்டு முள்ளில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக்கூட அது நிற்கவில்லை.

கோழி ஓடி வந்து குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்தது. எண்ணிப் பார்த்தது. மறுபடியும் எண்ணிப் பார்த்தது. பிறகு எண்ணவில்லை.

"பாவி, தாலி கட்டும்போது மேளத்தை நிறுத்திட்டியே!" என்று பெண்ணைப் பெற்ற முயல் கரடியைப் பார்த்து அலறியது. "அழுகுரல் கேட்டுடுச்சே! இனி என் பொண்ணு கதி?"

"அப்பா, சும்மா இருங்க" என்றது கல்யாணப் பெண். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பிக் கழுத்தைக் காட்டியது. "மிச்ச முடிச்சைப் போடுங்க."

குஞ்சு விசும்பிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்திலேயே மாப்பிள்ளை மிச்ச முடிச்சுகளைப் போட்டது. கெட்டிமேளம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பந்தல் காலியானதும் கரடி சீவாளியைக் கழற்றித் துடைத்தது. ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தது. தவளை கன்னத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தது.

"தட்டிக்குக் கீழே எனக்கு எல்லாம் தெரிஞ்சுது அண்ணே. முதல் தடவையே பார்த்துட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஒத்தை நிறுத்தாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"



அதற்குப் பிறகும் கரடியைக் கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் அல்ல, சிலர் கூப்பிட்டார்கள். உட்கார ஜமக்காளம் விரித்தால் கரடி வேண்டாம் என்றுவிடும். முதல் உருப்படியிலிருந்து கடைசி வரை நின்றுகொண்டேதான் ஊதியது.

நீதி: பிறர் விரலசைவுக்கு முழங்குகிறவர், தம் முழக்கம் எதை மறைக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.