ரவை தூவிய படம்

"டீச்சர், இதுல எது சுத்தம்னு நீங்களே சொல்லுங்க."

பொன்னுலிங்கம் மூன்று பெரிய படங்களை மேசையில் பரப்பினார்.

மூன்றிலும் ஒரே பெயின்ட் டின். ஒரே இருட்டு.

அவருக்குத் தூத்துக்குடியில் ஹார்டுவேர் கடை. தலை நரைத்த பிறகு கேமரா பிடித்தவர். டீச்சர் என்று அவர் கூப்பிட்ட எப்சிபா, அவருடைய மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் படம் எடுக்கச் சொல்லிக் கொடுப்பார்.

"இது என் பழைய கேமரா. இது மச்சான்கிட்ட இரவல் வாங்கினது. இது வாடகைக்கு எடுத்தது. கோடவுன் ஷட்டரை இறக்கிவிட்டு, மூணுலயும் ஒரே அளவு வச்சு எடுத்தேன். என் கேமராவுல வந்ததைப் பாருங்க. ரவை தூவின மாதிரி ஒரே புள்ளி. இருட்டுன்னா நாய்ஸ் தாங்க முடியல."

எப்சிபா குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

"டின் நல்லா இருக்கு."

"டீச்சர்!"

"நிஜமாத்தான் சொல்லுதேன். ஒரு சொட்டு ஒழுகல."

பொன்னுலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்தூக்கம் கெட்டு எடுத்த படங்கள்.

"யாரை எடுக்கிறதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பாடு?"

அவர் படங்களின் ஓரத்தை நீவிவிட்டார். பிறகு சொன்னார்.

அவர் மனைவி ஜெயக்கனிக்கு ஒரு நாள் காலையில் எழுந்தபோது முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மருந்து, பயிற்சி என்று ஓடியதில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. சிரிக்கும்போது மட்டும் உதட்டின் இடது ஓரம் மேலே போக மறுத்தது. அன்றிலிருந்து கேமராவைக் கண்டால் முந்தானை முகத்துக்கு வந்துவிடும். இரண்டு வருஷமாக அவளுக்கு ஒரு படம் கிடையாது.

"வார மாசம் மக கல்யாணம். ஆல்பத்துல நான் இருக்க மாட்டேன்னுட்டா. மக அழுதா. அம்மா இல்லாத ஆல்பத்த நான் என்ன செய்யன்னு கேட்டா. நான் கெஞ்சினதுல அவ, வேணும்னா ஜன்னலைச் சாத்தி லைட்டை அணைச்சுட்டு ஒண்ணு எடுத்துக்கோங்கன்னு சொன்னா."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன். முகம் பூரா ரவை. அதான் நல்ல கேமரா தேடுதேன்."

எப்சிபா மூன்று படங்களையும் ஒன்றாகச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"வார ஞாயித்துக்கிழமை எனக்கு உங்க வீட்டுலதான் சாப்பாடு. மூணு கேமராவையும் எடுத்து வைங்க."

"டெஸ்ட் பண்ணவா?"

"மீன் குழம்பு வச்சா டெஸ்ட் பண்ணுவோம்."

ஞாயிறு மத்தியானம் வந்தது. எப்சிபாவும் வந்தார், வெறுங்கையோடு.

கூடத்து ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கதவிடுக்கில் வந்த வெளிச்சம்தான் வெளிச்சம். ஜெயக்கனி நாற்காலியில் உட்கார்ந்தாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தவள்போல முழங்காலில் கை வைத்துக்கொண்டாள்.

"அமுக்குங்க" என்றார் எப்சிபா.

வாடகைக் கேமராவில் ஒன்று. இரவல் கேமராவில் ஒன்று. பொன்னுலிங்கம் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"டீச்சர், ஒரு புள்ளி இல்ல! முகம் அப்படியே பளிங்கு!"

"ஆமா" என்றார் எப்சிபா. "பளிங்குதான்."

பொன்னுலிங்கம் பழைய கேமராவைக் கையில் எடுத்தார்.

"இதுல மட்டும் நான் சொல்லும்போதுதான் அமுக்கணும்" என்ற எப்சிபா, ஜெயக்கனியின் பக்கம் திரும்பினார். "அக்கா, அண்ணாச்சி கோடவுன்ல டின்னை எப்படி எடுத்தாங்க? நீங்க பாத்தீங்களா?"

ஜெயக்கனியின் முழங்காலிலிருந்து கை எழுந்தது.

"பாக்காம என்ன? பின்வாசல் வழியா டீ எடுத்துக்கிட்டுப் போனேன். உள்ள கும்மிருட்டு. பேச்சுச் சத்தம் கேக்கு. யாருடா இதுக்குள்ளன்னு பயந்துட்டேன். பாத்தா, இவுக டின்னுகிட்ட பேசிக்கிட்டு இருக்காக!"

"என்ன பேசினாங்க?"

"'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு ராசா'ங்காக!"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்றார் கேமராவுக்குப் பின்னாலிருந்து பொன்னுலிங்கம்.

"சொல்லலையா? அந்த டின்னுக்குப் பவுடர்தான் போடல டீச்சர். துணியால துடைச்சுத் துடைச்சு வைக்காக. இப்படிக் குத்த வச்சுக்கிட்டு, இப்படி ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு..." ஜெயக்கனி நாற்காலியை விட்டு இறங்கிக் குத்த வைத்தே காட்டினாள். "என்னைய இத்தன வருஷத்துல ஒரு தடவ ராசாத்தின்னது கிடையாது. டின்னுக்கு வந்த யோகத்தப் பாருங்க!"

சொல்லி முடிக்குமுன் அவளுக்கே தாங்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானை தோளிலேயே கிடந்தது. பொன்னுலிங்கத்தின் தொப்பை குலுங்கியது. கேமராவும் குலுங்கியது.

"இப்ப" என்றார் எப்சிபா.

பொன்னுலிங்கம் அமுக்கினார்.

பிறகு மூன்று படங்களையும் லேப்டாப்பில் ஏற்றினார்கள். பொன்னுலிங்கம் வழக்கம்போலக் கடைசிப் படத்தின் கன்னத்தை இழுத்துப் பெரிதாக்கினார். திரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள்.

"போச்சு டீச்சர். ரவை மட்டுமில்ல, கை வேற ஆடிருச்சு."

எப்சிபா குனிந்து, ஒரே விரலால் படத்தைச் சிறிதாக்கினார். மெல்ல, மெல்ல.

புள்ளிகள் கன்னமாயின. கன்னத்தின் பக்கத்தில் கண்ணீர் கட்டிய கண் வந்தது. வாய் வந்தது, தரையில் ஊன்றிய கை வந்தது. பிறகு மொத்த ஜெயக்கனியும் வந்தாள், தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு.

பொன்னுலிங்கம் திரையின் பக்கம் இன்னும் நெருங்கினார்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த ஜெயக்கனி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவர் லேப்டாப்பை மூடுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

வெகு நேரம் பார்த்தாள்.

"உதடு கோணலாத்தான் இருக்கு" என்றாள்.

"எங்க?"

"இந்தா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "நீ சொன்ன பெறவுதான் பாக்கேன்."

ஜெயக்கனி இப்போது படத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். பொன்னுலிங்கத்துக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். காது சிவக்கவில்லை.

"புழுங்குது" என்றாள். "ஜன்னலத் திறங்க."

அவர் எழுந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். மத்தியான வெயில் கூடத்துக்குள் அப்படியே வந்து விழுந்தது. ஜெயக்கனி கரண்டியை எப்சிபாவிடம் கொடுத்துவிட்டு, வெயில் விழுந்த இடத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு எடுங்க. மகளுக்கு அனுப்பணும்."

பொன்னுலிங்கம் மேசைக்கு ஓடினார். மூன்று கேமராக்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சர், எதுல எடுக்க?"

கரண்டியில் ஒட்டியிருந்த குழம்பை எப்சிபா உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"உப்பு சரியா இருக்கு அண்ணாச்சி."

பொன்னுலிங்கம் கைக்குக் கிடைத்ததை எடுத்தார்.