பாளையக்காரரின் பாம்பு

ஒரு பாளையக்காரருக்குத் தரைக்கு மேலே இருந்ததெல்லாம் போதவில்லை. "மண்ணுக்குக் கீழே இருப்பது அத்தனையும் அரண்மனைச் சொத்து" என்று சட்டம் போட்டார். காத்தாயி என்ற குடியானவள் பாறை உடைத்து வெட்டிய கிணற்றுக்குக் காவல் போட்டார்கள். பயிர் கருகிப்போனது.

அவள் நேரே சபைக்குப் போய் நின்றாள்.

"சாமி, உங்க பாம்பு என் உழவு மாட்டைக் கடிச்சுக் கொன்னுடுச்சு. நியாயம் சொல்லுங்க."

"என் பாம்பா?"

"பொந்து மண்ணுக்குக் கீழேதானே சாமி இருக்கு?"

சபை குபீரென்று சிரித்துவிட்டது. பாளையக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கிணறு திரும்பக் கிடைத்துவிட்டது என்றே காத்தாயி நினைத்தாள்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டே, 'பாம்பு நீங்கலாக' என்று சட்டத்தைத் திருத்தினார். போட்டவரே திருத்துவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

அன்றிலிருந்து அந்தச் சீமையில், மண்ணுக்குக் கீழே குடிகளுக்கென்று இருக்கிற ஒரே சொத்து பாம்புதான்.