நெளியன் கழற்றிய சட்டை

அந்தக் காலத்தில் எலிக்கும் பேச்சு இருந்தது, பாம்புக்கும் பேச்சு இருந்தது. பாம்புக்கு மூடித் திறக்க இமையும் இருந்தது. நாய் வளர்ப்பது போல வீட்டுக்கு ஒரு சாரைப்பாம்பு வளர்ப்பார்கள். சோளம் கொட்டிவைத்த மண்குதிரின் அடியில் அது சுருண்டு கிடக்கும். அது கிடக்கிற வீட்டுக்குள் எலி மூக்கைக்கூட நீட்டாது.

வளர்க்கிற பாம்பை வெள்ளிக்கிழமைதோறும் குளிப்பாட்டுவது வழக்கம். தாழித் தண்ணீரை வெயிலில் வைத்து, புறங்கையால் சூடு பார்த்து, பாம்பின் பாதி உடம்பு முங்கும் அளவுக்கு ஊற்றுவார்கள். தலை சாய்க்க ஒரு கல் போடுவார்கள். பிறகு பழந்துணியால் தலையிலிருந்து வாலை நோக்கித் துடைப்பார்கள். வாலிலிருந்து தலைக்குத் துடைக்கவே கூடாது. செதில் நிமிர்ந்துகொண்டால் பாம்புக்கு உயிர் போய் உயிர் வரும்.

அருக்காணி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருசன் நாச்சிமுத்து. அவர்கள் வீட்டுச் சாரைக்கு நெளியன் என்று பெயர். அருக்காணிக்குக் கை சும்மா இருக்காது. கழுவிக் கவிழ்த்த சட்டியை எடுத்து மறுபடியும் கழுவுவாள். வாசலைக் கூட்டி முடித்துவிட்டு, அங்கே நடந்துபோகிற கோழியைப் பார்ப்பாள், இதையும் சேர்த்துக் கூட்டிவிடலாமா என்பது போல.

அந்த வருசம் மழை தள்ளிப்போயிற்று. தின்கிற சோளம் தீர்ந்து, குதிரில் விதைச்சோளம் மட்டும் மிச்சம் இருந்தது. அது எலிக்குப் போனால் அடுத்த வருசம் அடுப்பு எரியாது. நெளியனும் அதை அறிந்து, குதிரின் அடியை விட்டு நகராமல் கிடந்தது.

அப்போதுதான் நாச்சிமுத்துவின் அக்கா பாவாயி சந்தைக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்தாள், மோர் குடித்தாள், மூக்கைச் சுளித்தாள்.

"என்னமோ வாடை அடிக்குதே அருக்காணி."

"ஒண்ணும் இல்லீங்க அண்ணி."

"உங்கூட்டுப் பாம்புதான். எங்கூட்டுது பக்கத்துல வந்தா தாழம்பூ வாசம் வரும். சரி, எல்லாருக்கும் கை ஒரே மாதிரியா இருக்குது? அடுத்த சந்தைக்கு வர்றப்ப எட்டிப் பாக்கறேன்."

அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சொல் போகவில்லை. அருக்காணி நெளியனைத் தூக்கி மோந்து பார்த்தாள். குதிரின் பக்கத்துச் சுவரை மோந்தாள். தன் முந்தானையை மோந்தாள். எங்கே மோந்தாலும் வாடை அடிக்கிற மாதிரியே இருந்தது.

அன்றைக்கே நெளியனுக்கு ஒரு குளியல். மறுநாள் ஒன்று. அதற்கப்புறம் காலையில் ஒன்று, பொழுது சாய ஒன்று.

"ஆத்தா, தண்ணில கெடந்து கெடந்து தோலு வலிக்குது," என்றது நெளியன்.

"இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் சாமி."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

நாச்சிமுத்து கயிறு திரித்துக்கொண்டே சிரித்தான். "அதைக் கழுவிக் கழுவி நூலாக்கிப் போட்டுறாத. அப்புறம் கோவணத்துக்குத்தான் கட்டோணும்."

"உங்க அக்கா வந்து பேசறப்ப இந்த வாய் எங்கீங்க போச்சு?" என்றாள் அருக்காணி. நாச்சிமுத்து மறுபடி கயிற்றைப் பார்த்தான்.

சந்தை நாள் வந்தது. அருக்காணி விடியும் முன்பே வீட்டைச் சாணம் போட்டு மெழுகிவிட்டாள். நெளியன் எங்கே என்று தேடினால், குதிரின் பின்னால் வயிறு புடைத்துக் கிடந்தது. குதிரின் அடியைத் தோண்ட வந்த பெருச்சாளி ஒன்றை அப்போதுதான் விழுங்கியிருந்தது.

"வா, குளிக்கலாம்."

"ஆத்தா, இப்ப என்னயத் தூக்காத. உண்டது இன்னும் எறங்கல. நாளைக்கு நானே தாழிக்கு வர்றேன்."

அருக்காணி வாசலை எட்டிப் பார்த்தாள். தூரத்தில் தலைச்சுமையோடு பெண்கள் வருவது தெரிந்தது. அதில் பாவாயி இருக்கிறாளா என்று தெரியவில்லை. இருந்துவிட்டால்? குனிந்து நெளியனை நடுவயிற்றில் பிடித்துத் தூக்கினாள்.

நெளியன் அடக்கிப் பார்த்தது. முடியவில்லை. விழுங்கிய பெருச்சாளியை மெழுகின தரையிலேயே கக்கிவிட்டது. வீடு முழுக்க நாறிப்போயிற்று. இத்தனை நாளும் இல்லாத வாடை அப்போதுதான் நிஜமாகவே வந்தது.

அருக்காணிக்குக் கண் இருட்டியது. நெளியனைக் கொண்டுபோய்த் தாழியில் போட்டாள். தண்ணீரை வெயிலில் வைத்திருந்தாளா, புறங்கையால் பார்த்தாளா, ஒன்றும் இல்லை. தான் தலைக்குத் தேய்த்துக் குளிக்க வைத்திருந்த அரப்புப் பொடியை அள்ளிக் கரைத்து அதன் தலையிலிருந்து ஊற்றினாள். நெளியன் எரிச்சல் தாங்காமல் இமையை இறுக்கி மூடிக்கொண்டது. காய்ந்த பீர்க்கங்கூட்டை எடுத்துத் தேய்த்தாள். தலையிலிருந்து வாலுக்குத் தேய்த்தாள். செதிலுக்கு அடியில் இன்னும் அழுக்கு இருக்குமே என்று தோன்றியது. உடனே கையைத் திருப்பி, வாலிலிருந்து தலைக்குத் தேய்த்தாள்.

"விடு ஆத்தா."

"இரு, இன்னும் கொஞ்சந்தான்."

"விட்டுரு ஆத்தா."

"ஆடாம இரு சாமி, முடிஞ்சுது."

நெளியன் வலி தாங்காமல் முன்னால் இழுத்தது. அருக்காணி இறுக்கிப் பிடித்தாள். அது தலை சாய்த்திருந்த கல்லில் வாயை ஊன்றி, உள்ள பலத்தையெல்லாம் கூட்டி ஓர் உந்து உந்தியது. உதட்டோரத்தில் தோல் விட்டது. அப்படியே நீளமாக, உள்ளே இருப்பது வெளியே திரும்ப, முழுத் தோலும் அருக்காணியின் கையில் நின்றுவிட்டது. நெளியன் அதற்குள்ளிருந்து நழுவி வாசலில் விழுந்தது.

அருக்காணி பார்த்தாள். புது வெண்கலம் போல அது மின்னியது. ஒரு தூசி இல்லை. அவள் தன்னையும் அறியாமல், "இப்பத்தான் சுத்தமா இருக்கற," என்றாள்.

நெளியன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடவில்லை. இமைக்கவும் இல்லை. அருக்காணி மெல்லக் கையிலிருந்த தோலைப் பார்த்தாள். மூடியபடியே இருந்த இமைகள் இரண்டும் அதில்தான் இருந்தன.

"சாமி," என்று எழுந்து ஓடினாள். நெளியன் வேலியைத் தாண்டிப் போய்விட்டது.

பாவாயி வந்தபோது வாசலெல்லாம் அரப்பு நுரை. "பாம்பு எங்கே?" என்றாள். அருக்காணி ஈரத் தோலைத் தூக்கிக் காட்டினாள். பாவாயி மூக்கைப் பொத்திக்கொண்டு, மோர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தாள். நெளியனின் மூடாத கண்ணைப் பார்த்த ஊர்ப் பாம்புகளெல்லாம், நமக்கும் இதே கதிதான் என்று அன்றே வீட்டை விட்டு இறங்கிப் போயின. பாவாயி வீட்டுப் பாம்பும் போயிற்று.

மறுநாள் குதிருக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. "மெதுவாத் தின்னுங்கடா, இனி நம்ம வீடுதான்," என்று எலி ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது.

அருக்காணி வேலியோரம் போய் நின்றாள். முள்ளுக்குள் நெளியன் கிடந்தது.

"வீட்டுக்கு வா சாமி. இனித் தொடவே மாட்டேன்."

"உன்னால தொடாம இருக்க முடியாது ஆத்தா."

"வெதையெல்லாம் போகுது."

நெளியன் முள்ளுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "மழைக்குக் காத்திருக்காத. இருக்கறதைப் புழுதியிலயே வெதைச்சுப் போடு. வெதைச்ச காட்டுக்கு வர்ற எலிய நான் பாத்துக்கறேன். கூரைக்குள்ள மட்டும் கூப்புடாத. என் அழுக்கையும் நானே பாத்துக்கறேன்."

அவர்கள் காய்ந்த மண்ணிலேயே விதைத்தார்கள். பிறகு மழை வந்தது, சோளம் முளைத்தது, எலி அண்டவில்லை. நெளியனை யாரும் பார்க்கவும் இல்லை.

சோளம் இடுப்பளவு வளர்ந்த சமயம், அருக்காணி வெயிலில் வைத்த தண்ணீரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். முள்ளில் நெளியன் கழற்றிப்போட்ட தோல் ஒரு சட்டை மாதிரி தொங்கியது. கிழிசல் இல்லை. கண் இருந்த இடத்தில் கண்ணாடி மாதிரி இரண்டு வட்டம். ஆனால் அதன்மேல் புழுதி படிந்திருந்தது. அருக்காணியின் கை முந்தானைக்குப் போனது. நுனியை எடுத்துத் துடைக்க நீட்டினாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

அன்று முதல்தான் பாம்பு தன் சட்டையைத் தானே கல்லிலும் முள்ளிலும் உரசிக் கழற்றிக்கொள்கிறது. கழற்றும் நாள் நெருங்கினால் அதன் கண் அரப்புத் தண்ணீர் போல மங்கிப்போகும், யார் கையும் எட்டாத இடமாகப் பார்த்துப் போய்க் கிடக்கும். கண்ணை மட்டும் மூடுவதில்லை.

அருக்காணி சட்டியை வேலியடியில் வைத்துவிட்டு, சோளத்துக்குள் நடந்து போனாள்.