ஐந்து குவியல் பல்

"அம்மா, நான் கிளம்புறேன். இங்கேயும் ஆளுங்க சரியில்லை."

சொன்னவர் செங்குட்டுவன். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், வயது அறுபத்திரண்டு. இது அவருக்கு ஆறாவது மடம். வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

கேட்டவர் திலகவதியம்மா. அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

"என்னய்யா ஆச்சு?"

"சமையல்காரர் முகத்துல அடிச்ச மாதிரி பேசுறார். ஊர்ல தம்பி முதுகுல குத்தினான். மாப்பிள்ளை மட்டம் தட்டுவார். மக இருக்காளே, மூணு வருஷம் பேசாமலே கொன்னா. இப்போ போன் பண்ணி, வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து, வாங்கப்பாங்கறா. போவேனா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா கடிக்கிறாங்கம்மா."

"சரி, கிளம்புங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை. நேத்து மழைக்கு ஓடையில சுறாப்பல் வெளியே வந்திருக்கும். பொறுக்கிட்டு வாங்க."

மடம் இருந்தது அரியலூர்ப் பக்கத்துக் கரட்டில். டைனோசர் காலத்தில் அங்கே கடல். இன்றைக்குக் குடிதண்ணீருக்கே ததிங்கிணத்தோம், சுறாப்பல் மட்டும் கிடைக்கும். என்னத்தைச் சொல்ல!

குனிந்த மனுஷன் நிமிரவில்லை. பல் கல்லாகிப் போயிருந்தது, ஆனாலும் விரலைக் கிழித்தது. அட, இது என்ன மீனோ, எதைத் தின்றதோ! கிளம்ப வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

காலமெல்லாம் கோடு போட்டு நிலத்தைப் பிரித்தவர். பல்லைப் பிரிப்பது அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மத்தியானத்துக்குள் ஐந்து குவியல் போட்டுவிட்டார்.

"அஞ்சு வகைச் சுறாம்மா! இது ஊசி மாதிரி இருக்கு. இது பட்டை. இதைப் பாருங்க, ஒரு பக்கமா சாஞ்சிருக்கு."

"எல்லாம் ஒரே சுறாவோடதா இருக்கக்கூடாதா?"

"இவ்வளவு பல்லா ஒண்ணுக்கு?"

"சுறாவுக்கு ஆயுசு பூரா பல் விழுந்து விழுந்து முளைக்கும்யா."

"முளைக்கட்டுமே. ஒரே வாயில இத்தனை விதமாவா முளைக்கும்? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே!"

"நாக்கால உங்க பல்லைத் தடவிப் பாருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் தடவினார்.

முன்பல். கோரைப்பல். கடைவாய்ப்பல்.

சிரிப்பு பாதியில் நின்றது.

ஐந்து குவியலையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி, மாப்பிள்ளை, மகள், ஆறு மடத்து ஆட்கள் என்று ஒவ்வொருவராக ஞாபகம் வந்தார்கள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"கடிச்சதெல்லாம் இந்த ஒரே வாய்தானாம்மா?"

அம்மா ஐந்து குவியலையும் ஒன்றாகக் கூட்டினார்.

"காதுகுத்துக்கு நான் எப்படிம்மா போவேன்?"

"வாயை மூடிக்கிட்டுப் போங்க."