மூடிய கைக்குள் பன்னிரண்டு விதைகள்

பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு சித்திரை ஆறாம் நாள் காலை, ஆளுக்குப் பன்னிரண்டு விதைகள் கொண்ட பையோடு மாசாணமும் அவன் மனைவி பூவாயியும் செம்போத்துப் பறவையின் புதருக்கு வந்தார்கள். இருவரும் உப்பளத்தில் வேலை செய்பவர்கள். பூவாயி நிறைமாதக் கர்ப்பிணி.

அந்த விதைகள் கடுகைவிடச் சிறியவை. சில கறுப்பு, சில வெள்ளை. பிறக்கப்போகும் குழந்தைக்குத் தகப்பன் ஆறும் தாய் ஆறும் கொடுக்க வேண்டும். கறுப்பு விதை எத்தனையோ, அந்த அளவுக்குக் குழந்தை கறுக்கும். கொடுத்தது மறுநாளே பையில் நிறைந்துவிடும். விதைகளை வாங்கிக் குழந்தையிடம் சேர்ப்பது செம்போத்தின் வேலை. எதை எடுப்பது என்று பெற்றோர் பார்த்துப் பொறுக்கலாம். தடை இல்லை.

மாசாணத்தின் பையில் கறுப்பு ஆறு, வெள்ளை ஆறு. பூவாயியின் பையிலும் அப்படியே. இருவரும் மாநிறம். மூத்த மகள் செவ்வந்திக்கு இருவரும் வெள்ளையாகவே பொறுக்கிக் கொடுத்திருந்தார்கள். அந்த யோசனை மாசாணத்தின் அக்கா சடைச்சியுடையது. குழந்தை கொக்கு போல வெள்ளையாக வந்தாள். நடக்கத் தொடங்கியதும் உப்பள வெயிலில் அவள் தோல் கொப்பளித்து உரிந்தது. நான்கு வயதில் பகல் முழுக்கக் குடிசைக்குள் கிடந்து, வெளியே மற்ற பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றும் சடைச்சி கூடவே வந்து, தம்பியின் உள்ளங்கையில் ஆறு வெள்ளை விதைகளைப் பொறுக்கி வைத்தாள்.

"ஏலே, இதையே குடு. மூத்தவளை ஊரே தூக்கிக் கொஞ்சிச்சில்லா?"

"கொஞ்சிட்டு நிழலுக்குப் போயிட்டாங்க மதினி. உரிஞ்ச தோலுக்கு எண்ணெய் போடுறது நான்தானே," என்றாள் பூவாயி.

"அப்ப கறுப்பா பொறுக்கப் போறியாக்கும்? கரிச்சட்டி மாதிரி ஒண்ணு வேணுமா உனக்கு?"

"சீக்கிரம் முடிங்கம்மா. இன்னும் மூணு வீடு இருக்கு," என்றது செம்போத்து.

பூவாயி கணவனின் கையைப் பிடித்துக் கவிழ்த்தாள். ஆறு விதைகளும் பைக்குள் விழுந்தன. பையைக் குலுக்கி அவனிடம் நீட்டினாள்.

"கண்ணை மூடிட்டு எடுங்க."

"திரும்பவும் வெள்ளையே வந்துட்டா?" மாசாணத்தின் குரல் இறங்கியிருந்தது.

"வந்தா வரட்டும். கறுப்பே வந்தாலும் வரட்டும். நாம பொறுக்கினதுதான் செவ்வந்தியை வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்கு. இனிமே பொறுக்க வேண்டாம்."

சடைச்சி கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணை மூடி அவன் ஆறு எடுத்தான், அவள் ஆறு எடுத்தாள். பன்னிரண்டையும் செம்போத்து வாங்கி, பூவாயியின் வயிற்றுக்குள் இருந்த குழந்தையின் கையில் சேர்த்தது. எப்படி என்பதை அது கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது. உடம்பு சிவந்திருந்தது. இரண்டு கையும் இறுக மூடியிருந்தன.

"செக்கச் செவேல்னு இருக்கான்!" என்ற சடைச்சி விதையைப் பார்க்க விரலைப் பிரித்தாள். பிள்ளை விடவில்லை. "ஏளா, பிடியைப் பாரு இவனுக்கு!"

"அது அவனோடது மதினி. விடுங்க."

பிறந்த மூன்றாம் நாள் குழந்தையின் காது மடல் ஓரம் கறுத்தது. ஒரு மாதத்தில் அந்த நிறம் உடம்பு முழுக்கப் பரவியது. அப்பனையும் ஆத்தாளையும்விடக் கறுப்பு.

"உங்க ரெண்டு பேரு நிறமும் இல்லையே. இவன் யாரு வீட்டுப் பிள்ளை?" என்று சடைச்சி கேட்டாள். மாசாணம் போய்ச் செம்போத்தை அழைத்து வந்தான்.

"ரெண்டு பேரு பையிலயும் கறுப்பு இருந்துச்சு," என்றது செம்போத்து. "உன் தம்பி கறுப்பு அஞ்சு எடுத்தான், இவ அஞ்சு எடுத்தா. மொத்தம் பத்து. நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே, நான் பார்த்தேன். உன் தம்பிக்கு அந்தக் கறுப்பு விதை எங்கிருந்து வந்துச்சு? உங்கப்பன் என்ன நிறம் சடைச்சி?"

சடைச்சி பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "நல்ல கறுப்பு. மூக்கும் அவர் மூக்குதான்," என்றாள். தன் அப்பாவின் பெயரான ஆண்டியப்பன் என்பதையே பிள்ளைக்கு வைக்கச் சொன்னாள்.

மறு சித்திரையில் ஆண்டியப்பன் உச்சி வெயிலில் உப்புப் பாத்தி ஓரம் தவழ்ந்தான். தோல் உரியவில்லை. மாசாணம் அங்கேயே ஒரு பனையோலைப் பந்தல் போட்டான். செவ்வந்தி அதனடியில் உட்கார்ந்து தம்பியோடு விளையாடினாள். பொறுக்கிய விதையை வாங்குவதில்லை என்று செம்போத்து எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டது.

அன்று முதல்தான் குழந்தைகள் கையை மூடிக்கொண்டு பிறக்கின்றன. எல்லாம் முதலில் சிவந்தே இருக்கின்றன. நிறம் அறிய ஆசைப்படுகிறவர்கள் காது மடலைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

அதிலிருந்து நான்காம் ஆண்டு மாசி பத்தொன்பதாம் நாள் பூவாயிக்கு மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தாள். சடைச்சி வந்து தொட்டில் கட்டினாள். கையைப் பிரித்துப் பார்க்கவில்லை.