பூட்டு விழாத ஷட்டர்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் செண்பகவல்லியை மடிப்பாக்கத்தில் மிரட்டிப் பார்த்தவர் கிடையாது. அப்பேர்ப்பட்டவளையே ஒரு ஷட்டர் திணற அடித்தது, கேளுங்கள்.

ரோடு போடும்போதெல்லாம் தெரு ஒரு படி ஏறும், வீடுகள் ஒரு படி இறங்கும். நம் ஊர் வழக்கம்தானே. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, செண்பகம் தன் வண்டி ஷெட்டின் தரையைச் சிமெண்டு போட்டு நான்கு விரல் உயர்த்தினாள். அது காயும்வரை வேன் தெருவில் நின்றது. ஷட்டர் மேலே சுருண்டு கிடந்தது.

எட்டாம் நாள் வேனை உள்ளே விட்டு, ஒற்றைக் கையால் ஷட்டரை இழுத்தாள். மடமடவென்று வந்து தரையில் சமமாக உட்கார்ந்தது. ஆனால் ஷட்டரின் துளையும் ஓரச் சட்டத்தில் இருந்த வளையமும் ஒன்றுசேரவில்லை. பூட்டுப் போட வழியில்லை. மறுநாள் தங்கை கல்யாணத்துக்குக் கும்பகோணம் போக வேண்டும். போன வாரம்தான் அதே தெருவில் இரண்டு வண்டிகளின் பேட்டரி களவு போயிருந்தது. வேனுக்கு ஏதாவது ஆனால் பிழைப்பே போச்சு. உடனே தெரிந்தவர்களைக் கூப்பிட்டாள்.

கொழுந்தன் குணசீலன் வந்து தட்டிப் பார்த்தான். “அடிப்பட்டை துருப்பிடிச்சிருக்கு அண்ணி. ஷட்டரையே மாத்திடுங்க.”

ஷட்டர் வேலை செய்யும் ஜமால் ஒத்துக்கொள்ளவில்லை. “எதுக்கு மாத்தணும்? ஸ்பிரிங் இறுகியிருக்கும்க்கா. தளர்த்திவிட்டா இன்னும் கொஞ்சம் இறங்கும்.”

ஆளுக்கொரு கட்சி பேச, செண்பகம் ஷட்டரை மறுபடி ஏற்றி இறக்கினாள். குனிந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டு பேரும் ஷட்டர்ல கை வைக்காதீங்க” என்றாள்.

இப்போது சொல்லுங்கள்: மாற்றச் சொன்னவன் சரியா, பழுது பார்க்கச் சொன்னவர் சரியா, தடுத்தவள் சரியா? பூட்டு விழ என்ன வழி?

விடை: தடுத்தவளே சரி. தரையில் முட்டி நிற்கும் ஷட்டர், ஸ்பிரிங்கைத் தளர்த்தினாலும் இறங்காது. புதிது வாங்கினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். நோய் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம் என்பது இதுதான். தரை உயர்ந்ததால் ஷட்டர் நான்கு விரல் மேலேயே நின்றுவிட்டது. வளையம் மட்டும் பழைய இடத்தில் இருந்தது. அதை எடுத்து நான்கு விரல் மேலே வெல்டிங் வைத்தார் ஜமால், பூட்டு விழுந்தது. தங்கை கழுத்தில் தாலி ஏறியபோது செண்பகத்துக்கு வேன் நினைப்பே வரவில்லை.